இரவு 2 மணிக்கு மட்டும் வரும் நல் பாயிண்டர்: க்யூ லிசனர் லாகில் ஸ்டாக் ட்ரேஸே இல்லை

வரிசைக்காரன் | திங்கள், காலை 10:12

வணக்கம். நான்கு நாளாக ஒரு நல் பாயிண்டர் எக்செப்ஷனோடு (நல், அதாவது எந்த ஆப்ஜெக்டும் இல்லாத மதிப்பு, அதன் மேல் மெத்தடை அழைத்தால் வரும் பிழை) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆக்டிவ்எம்க்யூ என்ற மெசேஜ் க்யூ சர்வரிலிருந்து ஆர்டர் மெசேஜ்களை எடுத்து டேட்டாபேஸில் எழுதும் சின்ன சர்வீஸ். ஜாவா 8, ஜேஎம்எஸ் (ஜாவாவின் மெசேஜிங் தரநிலை) 1.1, ட்ரான்சாக்டட் செஷன், எட்டு கன்ஸ்யூமர் த்ரெட். பகலெல்லாம் ஆயிரக்கணக்கில் மெசேஜ் வந்து போகிறது, ஒரு பிழை கிடையாது. இரவு 2 மணி ஆனால் போதும், லாக் முழுக்க இதுதான்:

ஜாவா.லாங்.நல்பாயிண்டர்எக்செப்ஷன்

அவ்வளவே. எந்த கிளாஸ், எந்த வரி என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் கொட்டிவிட்டுத் தானாக அடங்கிவிடுகிறது. டெஸ்ட் சர்வரில் எவ்வளவு முயன்றும் வரவைக்க முடியவில்லை. மெசேஜ் வந்ததும் தானாக அழைக்கப்படும் லிசனரின் ஆன்மெசேஜ் மெத்தடில் உயிர்நாடியான இரண்டு வரிகள் இவை (பெயர்களைத் தமிழில் மாற்றியிருக்கிறேன்):

ஆர்டர் ஆ = பார்சர்.பார்ஸ்(((டெக்ஸ்ட்மெசேஜ்) மெசேஜ்).கெட்டெக்ஸ்ட்());
ஹேண்ட்லர்கள்.கெட்(மெசேஜ்.கெட்ஸ்ட்ரிங்ப்ராப்பர்ட்டி("வகை")).கையாள்(ஆ, ஆ.வாடிக்கையாளர்().முகவரி().ஊர்());

எங்கிருந்து ஆரம்பிப்பது?

குறுக்குவழி | திங்கள், காலை 10:20

ஆன்மெசேஜின் முதல் வரியில் "மெசேஜ் நல் என்றால் ரிட்டர்ன்" என்று போடுங்கள். வேலை முடிந்தது.

அரைப்புள்ளி | திங்கள், காலை 10:41

அது முடியாது. லிசனருக்கு நல் மெசேஜ் வருவதில்லை. நீங்களே கூப்பிட்டு வாங்கும் ரிசீவ் மெத்தடில்தான் அந்தச் சங்கதி. டைம்அவுட் கொடுத்து ரிசீவ் அழைத்தால், நேரம் முடிந்தும் மெசேஜ் வராவிட்டால் நல் திரும்பும். ரிசீவ்நோவெய்ட்டும் அப்படியே. டைம்அவுட் இல்லாத ரிசீவ்கூட, காத்திருக்கும்போது வேறு யாராவது கன்ஸ்யூமரை மூடிவிட்டால் நல் தரும், அதைப் பலர் மறந்துவிடுவார்கள். இங்கே லிசனர் என்பதால் இவை எதுவும் பொருந்தாது.

வரிசைக்காரரே, முதலில் ஒன்று சொல்லுங்கள். கேட்ச் பிளாக்கில் எப்படி லாக் செய்கிறீர்கள்? கெட்மெசேஜை மட்டும் சரத்தோடு ஒட்டி எழுதியிருந்தால் ட்ரேஸ் வராது. ஜாவா 8இல் நல் பாயிண்டருக்கு மெசேஜும் இருக்காது, "நல்" என்றுதான் அச்சாகும்.

வரிசைக்காரன் | திங்கள், காலை 11:03

அதைத்தான் நானும் முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை, லாகர்.எர்ரர்("ஆர்டர் தோல்வி", ஈ) என்று எக்செப்ஷனையே இரண்டாவது ஆர்க்யுமென்டாகக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வரியில் அதையே மறுபடி த்ரோ செய்கிறேன், ரோல்பேக் ஆகி மெசேஜ் க்யூவுக்கே திரும்பட்டும் என்று. மற்ற எக்செப்ஷன்களுக்கு இதே இடத்தில் ட்ரேஸ் முழுசாக வருகிறது. நல் பாயிண்டருக்கு மட்டும் ஒரு வரி.

பழைய ஜாவா | திங்கள், மதியம் 12:15

அந்த சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகாமல் எத்தனை நாள் ஓடுகிறது?

வரிசைக்காரன் | திங்கள், மதியம் 12:18

19 நாள். ஏன்?

பழைய ஜாவா | திங்கள், மதியம் 12:50

அப்போது சரி. ட்ரேஸைத் தின்றது உங்கள் கோட் இல்லை, அதை ஓட்டும் ஜேவிஎம்.

ஹாட்ஸ்பாட் என்ற வழக்கமான ஜேவிஎம்மில் ஒரு பழக்கம் உண்டு. அடிக்கடி ஓடும் மெத்தடை ஜிட் கம்பைலர் மெஷின் கோடாக மாற்றிவிடும். அந்தக் கோடில் ஒரே இடத்தில் நல் பாயிண்டர் திரும்பத் திரும்ப விழுந்தால், ஒவ்வொரு முறையும் புது எக்செப்ஷன் ஆப்ஜெக்ட் செய்து ஸ்டாக்கை நிரப்புவது வீண்செலவு என்று அது முடிவுகட்டும். பிறகு, முன்பே செய்து வைத்த ஒரே எக்செப்ஷனைத் தூக்கி எறியும். அதில் ட்ரேஸ் கிடையாது, மெசேஜ் கிடையாது. நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

முதல் சில முறை விழுந்தபோது ட்ரேஸ் கண்டிப்பாக வந்திருக்கும். பழைய லாக் இருந்தால் அங்கே தேடுங்கள். இல்லையென்றால் ஜேவிஎம் ஆப்ஷனில் இதைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்:

-எக்ஸ்எக்ஸ்:-ஆமிட்ஸ்டாக்ட்ரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ

கோலனுக்குப் பிறகு வரும் இரண்டாவது மைனஸ் முக்கியம். அதில் ப்ளஸ் போட்டால் இப்போது இருக்கும் நிலையையே மறுபடி கேட்டதாக ஆகும். நானே ஒருமுறை ப்ளஸ் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்திருக்கிறேன்.

வரிசைக்காரன் | திங்கள், மதியம் 1:10

லாகை ஏழு நாள்தான் வைத்திருக்கிறோம், அந்த முதல் ட்ரேஸ் எப்போதோ போயிருக்கும். ப்ரொடக்‌ஷன் ரீஸ்டார்டுக்கு அனுமதி வாங்க வேண்டும். நாளை இரவுக்குள் முடியும் என்று நினைக்கிறேன்.

நூல்கண்டு | திங்கள், மாலை 4:35

காத்திருக்கும் நேரத்தில் அந்த இரண்டு வரிகளைப் பார்ப்போமா? இதில் நல் பாயிண்டர் பிறக்க எத்தனை இடம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினேன்.

கெட்டெக்ஸ்ட் நல் தரலாம். பாடி இல்லாமலே டெக்ஸ்ட்மெசேஜ் அனுப்புவதை ஜேஎம்எஸ் அனுமதிக்கிறது. அது பார்சருக்குள் போய் வெடிக்கும். பாடிக்கு வெளியே மெசேஜோடு ஒட்டிவரும் "வகை" ப்ராப்பர்ட்டி இல்லாவிட்டால் கெட்ஸ்ட்ரிங்ப்ராப்பர்ட்டி நல் தரும். வகை இருந்தும் அதற்கான ஹேண்ட்லர் மேப்பில் இல்லாவிட்டால் கெட் நல் தரும். வாடிக்கையாளர் நல், முகவரி நல், இவை தனி. ஆக ஐந்து. அதில் நான்கு ஒரே வரியில். ட்ரேஸ் கிடைத்தாலும் வரி எண் மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ரீஸ்டார்ட் செய்யும்போதே அந்த வரியை நான்காக உடைத்துவிடுங்கள்.

வரிசையும் கொஞ்சம் ஏமாற்றும். ஹேண்ட்லர் நல்லாக இருந்தாலும் ஜாவா உடனே வெடிக்காது. ஆர்க்யுமென்ட்களை எல்லாம் கணக்கிட்டு முடித்த பிறகுதான் கையாள் மெத்தடை அழைக்கப் போகும், அப்போதுதான் விழும். ஹேண்ட்லரும் நல், முகவரியும் நல் என்றால் முதலில் பிடிபடுவது முகவரிதான்.

வரிசைக்காரன் | திங்கள், மாலை 5:02

ரீஸ்டார்டுக்கு மட்டும்தான் அனுமதி, புது பில்டுக்கு இல்லை. வரியை உடைக்க முடியாது. ஹேண்ட்லர்கள் என்பது கன்கரன்ட்ஹாஷ்மேப், அது ஏதாவது உதவுமா?

நூல்கண்டு | திங்கள், மாலை 5:09

பிரமாதமாக உதவும். சாதாரண ஹாஷ்மேப் நல் கீயைச் சகித்துக்கொள்ளும், கன்கரன்ட்ஹாஷ்மேப் சகிக்காது. கெட்டுக்கு நல் கொடுத்தால் அந்த இடத்திலேயே, அதற்குள்ளேயே நல் பாயிண்டர் விழும். அதனால் ட்ரேஸின் உச்சி வரியைப் பாருங்கள். கன்கரன்ட்ஹாஷ்மேப்.கெட் என்று இருந்தால் "வகை" இல்லாத மெசேஜ். நேராக உங்கள் லிசனரின் வரி இருந்தால் மற்ற மூன்றில் ஒன்று.

தூதுவளை | திங்கள், இரவு 8:47

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ரேபிட்எம்க்யூவில் எனக்கும் நல் பாயிண்டர். கெட்ஹெடர்ஸ் அழைத்து, அதிலிருந்து ஒரு ஹெடரை எடுக்கிறேன். சில மெசேஜுக்கு மட்டும் விழுகிறது.

அரைப்புள்ளி | திங்கள், இரவு 9:15

அனுப்பியவர் ஒரு ஹெடர்கூட வைக்காவிட்டால் கெட்ஹெடர்ஸ் காலி மேப் தராது, நல்தான் தரும். மேப்பையே முதலில் சோதியுங்கள். சரம் எதிர்பார்த்த ஹெடர் லாங்ஸ்ட்ரிங் என்ற வேறு டைப்பில் வரும் என்பதையும் மனதில் வையுங்கள், நேரடியாக ஸ்ட்ரிங்காக காஸ்ட் செய்தால் அடுத்து அங்கே விழுவீர்கள். மேற்கொண்டு இருந்தால் தனி இழை தொடங்குங்கள், இது வேறு கதை.

பழைய ஜாவா | செவ்வாய், காலை 9:30

ஒரு சந்தேகம். இரவில் அந்த வரி மொத்தம் எத்தனை முறை வருகிறது? எண்ணினீர்களா?

வரிசைக்காரன் | செவ்வாய், காலை 9:52

இப்போதுதான் எண்ணினேன். நேற்றிரவு 2884. அதற்கு முந்தைய இரவு 2884. அதற்கு முன்பும் 2884! ஏழு நாள் லாகிலும் இதே எண்.

பழைய ஜாவா | செவ்வாய், காலை 10:05

நினைத்தேன். 2884ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள். 412, மீதி பூஜ்யம்.

ஆக்டிவ்எம்க்யூவில் ரீடெலிவரி அமைப்பை நீங்கள் தொடாமல் விட்டிருந்தால், தோற்ற மெசேஜை இன்னும் 6 முறை கொடுத்துப் பார்க்கும். முதல் முறையோடு சேர்த்து 7. ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் முன் 1 விநாடி நிற்கும். அப்புறம், தோற்றவற்றை ஒதுக்கிவைக்கும் டெட் லெட்டர் க்யூவில் போட்டுவிடும். அதாவது உங்களுக்கு இரவில் 2884 பிரச்சினை இல்லை, 412 மெசேஜ்தான். எட்டு த்ரெட்டுக்குப் பிரித்தால் ஒரு த்ரெட்டுக்கு 51 அல்லது 52. ஒன்றுக்கு 6 விநாடி காத்திருப்பு. கிட்டத்தட்ட 5 நிமிடம் 12 விநாடி. நீங்கள் சொன்ன "ஐந்து நிமிடம் கொட்டிவிட்டு அடங்குகிறது" இதுதான்.

எல்லா இரவும் அதே 412 என்றால், புது மெசேஜ்கள் தற்செயலாக அப்படி வருகின்றன என்று நான் நம்பமாட்டேன். அதே மெசேஜ்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. டெட் லெட்டர் க்யூவுக்குப் போனதை யாரோ இரவு 2 மணிக்குக் கொண்டுவந்து மறுபடி கொட்டுகிறார்கள்.

வரிசைக்காரன் | செவ்வாய், காலை 10:11

யாரும் இல்லையே... விசாரிக்கிறேன்.

குறுக்குவழி | செவ்வாய், காலை 11:40

எதற்கு இவ்வளவு துப்பறிதல்? வகை நல்லாக இருந்தால் "புதியது" என்று எடுத்துக்கொள் என ஒரு இயல்பு மதிப்பு வைத்தால் 412உம் போய்ச் சேர்ந்துவிடுமே.

அரைப்புள்ளி | செவ்வாய், மதியம் 12:02

அந்த 412இல் ரத்து ஆர்டர் இருந்தால்?

வரிசைக்காரன் | புதன், காலை 8:25

நேற்றிரவு ஃப்ளாகோடு ரீஸ்டார்ட் செய்தாயிற்று. 2 மணிக்குச் சரியாக வந்துவிட்டது, ட்ரேஸோடு:

ஜாவா.லாங்.நல்பாயிண்டர்எக்செப்ஷன்
அட் ஜாவா.யூட்டில்.கன்கரன்ட்.கன்கரன்ட்ஹாஷ்மேப்.கெட்
அட் ஆர்டர்லிசனர்.ஆன்மெசேஜ் (வரி 47)

நூல்கண்டு சொன்னதுபோலவே உச்சியில் கன்கரன்ட்ஹாஷ்மேப். அதாவது "வகை" இல்லாமல் வருகிறது. ஆனால் அனுப்பும் அணியிடம் கேட்டால், வகை வைக்காமல் தங்கள் கோட் மெசேஜே அனுப்பாது என்று கோடைக் காட்டுகிறார்கள். பார்த்தேன், உண்மைதான்.

நூல்கண்டு | புதன், காலை 8:44

டெட் லெட்டர் க்யூவைக் கன்சோலில் திறந்து ஒரு மெசேஜை உற்றுப் பாருங்கள். டைம்ஸ்டாம்ப் என்ன, பாடிக்குள் இருக்கும் ஆர்டர் தேதி என்ன, வேறு என்னென்ன ப்ராப்பர்ட்டி இருக்கிறது, தொடர்புள்ள மெசேஜ்களை இணைக்கும் கோரிலேஷன் ஐடி இருக்கிறதா.

வரிசைக்காரன் | புதன், காலை 9:20

தலை சுற்றுகிறது. டைம்ஸ்டாம்ப் இன்று அதிகாலை 2:00:01. பாடியில் ஆர்டர் தேதி 16 நாள் முந்தையது! கோரிலேஷன் ஐடி இல்லை. அனுப்பும் அணி வைக்கும் எந்த ப்ராப்பர்ட்டியும் இல்லை. தோல்விக்கான காரணம் என்று ஆக்டிவ்எம்க்யூ தானாகச் சேர்த்த ஒன்று மட்டும் இருக்கிறது, அதில் இதே நல் பாயிண்டர்.

பழைய ஜாவா | புதன், காலை 9:31

பாடியை மட்டும் நகலெடுத்து யாரோ புது மெசேஜாக அனுப்பியிருக்கிறார்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலை, அதாவது க்ரானைப் பாருங்கள்.

வரிசைக்காரன் | புதன், மதியம் 12:40

கிடைத்துவிட்டது. இப்போது இங்கே இல்லாத ஒருவர் எழுதிவைத்த "ரீப்ளே" என்ற குட்டி ஜாவா ப்ரோக்ராம். வேறொரு சர்வரின் க்ரானில், தினமும் 2 மணிக்கு. மொத்தமே முப்பது வரி. டெட் லெட்டர் க்யூவிலிருந்து ரிசீவ்(1000) என்று எடுத்துக்கொண்டே போகிறது, நல் வந்தால் நிற்கிறது. எடுத்த ஒவ்வொன்றுக்கும் செய்வது இவ்வளவே:

அனுப்பி.செண்ட்(செஷன்.கிரியேட்டெக்ஸ்ட்மெசேஜ்(பழையது.கெட்டெக்ஸ்ட்()));

பாடி போகிறது. வகை, கோரிலேஷன் ஐடி, ரிப்ளைடூ எல்லாம் அங்கேயே தங்கிவிடுகிறது. வகை இல்லாததால் என் லிசனரில் விழுகிறது, 7 முறைக்குப் பிறகு டெட் லெட்டருக்குப் போகிறது, மறுநாள் 2 மணிக்கு மறுபடி வருகிறது. 16 நாளாகச் செக்குமாடு போல இதே சுற்று.

இதில் ஒரு கூத்து: 412ஐயும் காலி செய்ய ரீப்ளேவுக்கு ஓரிரு விநாடிதான் ஆகிறது. முதல் மெசேஜ் தோற்று டெட் லெட்டருக்குத் திரும்ப 6 விநாடி. அதற்குள் ரீப்ளே நல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. காத்திருப்பை 10000 என்று வைத்திருந்தால் விடியும்வரை சுற்றியிருக்கும்.

அரைப்புள்ளி | புதன், மதியம் 1:05

அழகு. ரிசீவ் தரும் நல்லை அவர் சரியாகத்தான் கையாண்டிருக்கிறார் பாருங்கள், கோட்டைவிட்டது வேறு இடத்தில்.

அந்த வரியைச் சரிசெய்ய எளிய வழி, புது மெசேஜ் செய்யாமல் வாங்கிய மெசேஜையே செண்டிடம் கொடுப்பது. ஜேஎம்எஸ் அதை அனுமதிக்கிறது. மெசேஜ் ஐடியும் டைம்ஸ்டாம்பும் புதிதாக மாறும், ப்ராப்பர்ட்டிகளும் கோரிலேஷன் ஐடியும் அப்படியே போகும். பாடியை மாற்ற வேண்டிய தேவை இருந்தால் மட்டும் புது மெசேஜ் செய்து, ப்ராப்பர்ட்டி பெயர்களை லூப்பில் எடுத்து ஒவ்வொன்றாக வையுங்கள். ஜேஎம்எஸ்எக்ஸ் என்று தொடங்குபவற்றில் ஆக்டிவ்எம்க்யூ தானாக வைப்பவற்றை விட்டுவிடுங்கள். வாங்கிய மெசேஜின் ப்ராப்பர்ட்டியை நேரடியாக மாற்றப் போகாதீர்கள், அது ரீட்ஒன்லி, எக்செப்ஷன் வரும்.

எதுவும் எழுத விருப்பமில்லை என்றால் ஆக்டிவ்எம்க்யூவின் நிர்வாக வாசலான ஜேஎம்எக்ஸில் ரீட்ரைமெசேஜஸ் என்று ஒரு ஆபரேஷனே இருக்கிறது. எந்த க்யூவிலிருந்து வந்ததோ அதற்கே திருப்பி அனுப்பிவிடும்.

வரிசைக்காரன் | புதன், மாலை 3:30

முதலில் க்ரானை நிறுத்திவிட்டேன். ஆனால் இந்த 412க்கும் வகை ஏற்கெனவே போய்விட்டதே. ஆர்டர் எண் பாடியில் இருப்பதால் அனுப்பும் அணியின் பதிவிலிருந்து வகையை எடுத்துத் தரச் சொன்னேன். வந்துவிட்டது: 340 புதியது, 41 திருத்தம், 31 ரத்து.

குறுக்குவழி | புதன், மாலை 3:38

31 ரத்தா! சரி, என் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ரத்து செய்தவருக்குப் பொருள் போய் நின்றிருக்கும்.

நூல்கண்டு | புதன், மாலை 4:10

"வகை நல் என்றால் ரிட்டர்ன்" என்று போட்டிருந்தால் இன்னும் மோசம். ரிட்டர்ன் ஆனால் கன்ஸ்யூமர் வெற்றி என்று எடுத்துக்கொண்டு கமிட் செய்துவிடும், மெசேஜ் சுவடே இல்லாமல் போய்விடும். லாகும் சுத்தமாக இருக்கும்.

லிசனரில் நான் செய்வது இப்படி. பார்ஸ் செய்வதற்கும் முன்னால், மெசேஜ் டெக்ஸ்ட்மெசேஜ்தானா, பாடி இருக்கிறதா, வகை இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிடுவேன். ஒன்று குறைந்தாலும் மெசேஜ் ஐடியோடும் எது குறைகிறது என்ற பெயரோடும் ஒரு வரி லாக். பிறகு "செல்லாதவை" என்று ஒரு தனி க்யூவுக்கு அந்த மெசேஜை அப்படியே அனுப்பிவிட்டு கமிட். அதே செஷனில் அனுப்பினால் எடுத்ததும் அனுப்பியதும் ஒரே ட்ரான்சாக்‌ஷன், நடுவில் தொலையாது. ப்ராப்பர்ட்டி இல்லாத மெசேஜை ஏழு முறை முயன்றால் மட்டும் ப்ராப்பர்ட்டி முளைக்குமா? டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்பது போன்ற தற்காலிகக் கோளாறுக்கு மட்டும் எக்செப்ஷனை வெளியே விட்டு ரீடெலிவரி வாங்குங்கள்.

கெட்இன்ட்ப்ராப்பர்ட்டி பயன்படுத்துகிறவர்கள் கவனத்துக்கு: இல்லாத ப்ராப்பர்ட்டியைக் கேட்டால் அங்கே நல் பாயிண்டர் வராது, நம்பர்ஃபார்மட்எக்செப்ஷன் வரும். கெட்பூலியன்ப்ராப்பர்ட்டி ஒன்றுமே சொல்லாமல் பொய் என்று தரும். மூன்றிலும் ஆபத்தானது அதுதான் என்பேன். ப்ராப்பர்ட்டிஎக்ஸிஸ்ட்ஸ் கேட்டுவிட்டு எடுங்கள்.

மணல்வீடு | புதன், மாலை 6:22

காஃப்காவில் இருப்பவர்கள் இந்த "செல்லாதவை" யோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். காம்பேக்ட் செய்யும் (ஒவ்வொரு கீக்கும் கடைசி வேல்யூவை மட்டும் வைத்துக்கொள்ளும்) டாபிக்கில் நல் வேல்யூ என்பது பிழையே இல்லை, "இந்தக் கீயை அழி" என்ற கட்டளை. டூம்ஸ்டோன் என்பார்கள். அதை ஒதுக்கினால் அழிய வேண்டியது உங்கள் பக்கம் அழியாமல் நிற்கும்.

பழைய ஜாவா | புதன், மாலை 7:00

ஜாவா 8ஐ விட்டு வெளியே வர முடியுமா என்றும் பாருங்கள். 2020 மார்ச்சில் வந்த ஜாவா 14 முதல், எது நல், எதை அழைக்கப் போய் விழுந்தது என்று எக்செப்ஷன் மெசேஜே சொல்லும். 14இல் ஃப்ளாக் போட வேண்டும், 15 முதல் இயல்பாகவே உண்டு. லோக்கல் வேரியபிள் பெயர் தெரிய வேண்டுமானால் -ஜி போட்டு கம்பைல் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லோக்கல்4 என்று மொட்டையாக வரும். ஆனால் ட்ரேஸைத் தின்னும் பழக்கம் புது ஜேவிஎம்களிலும் இருக்கிறது, அந்த ஃப்ளாகை எடுத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இந்த 412உம் முதல் முதலாக டெட் லெட்டருக்கு ஏன் போயின? அப்போது வகை இருந்திருக்குமே.

வரிசைக்காரன் | வெள்ளி, காலை 9:05

அதைத் தேடத்தான் ஒரு நாள் ஆயிற்று. உண்மைக் காரணத்தை ஆக்டிவ்எம்க்யூ ப்ராப்பர்ட்டியாகப் பதிந்திருக்கும், ஆனால் ரீப்ளே அதையும் தொலைத்துவிட்டது. ஆர்டர் தேதிகளை வரிசைப்படுத்தினால் எல்லாம் ஒரே நாள், ஒரே அரை மணி நேரம். டேட்டாபேஸ் பக்கம் பார்த்தால், அந்த நேரத்தில் ஒரு பெரிய டேபிளுக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கிறார்கள். டேபிள் பூட்டிக்கிடந்திருக்கிறது, என் இன்சர்ட் எல்லாம் டைம்அவுட். முயற்சிகளுக்கு இடையில் மொத்தமே 6 விநாடி காத்திருப்புதான், பூட்டு திறக்கும் முன் ஏழு முயற்சியும் தீர்ந்துவிட்டது. ரீடெலிவரி இடைவெளியை இப்போது ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும்படி மாற்றியிருக்கிறேன்.

நேற்று மாலை வாசல் சோதனையோடு புது பில்ட் போனது. 412க்கும் வகையை வைத்து இரவு அனுப்பினேன். 411 சேர்ந்துவிட்டன.

அரைப்புள்ளி | வெள்ளி, காலை 9:12

மீதி ஒன்று?

வரிசைக்காரன் | வெள்ளி, காலை 9:14

நல் பாயிண்டர். முகவரி இல்லாத வாடிக்கையாளர்.

நூல்கண்டு | வெள்ளி, காலை 9:15

அந்த வரியை உடைத்தீர்களா இல்லையா?

வரிசைக்காரன் | வெள்ளி, காலை 9:16

உடைத்தேன், உடைத்தேன். வரி 58. பார்த்ததும் தெரிந்துவிட்டது.